ஏழாவது தேத்தண்ணி

1

இந்தக் கதை ஒரு மன்னிப்புக் கடிதமாகத்தான் தொடங்கியது. கடிதம் என்றால் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். 'அன்பின் எட்வேட், நான் செய்தது பிழை, வியாழக்கிழமை வாங்கோ.' இவ்வளவுதான் விஷயம். ஆனால் நான் எழுத்தாளன் என்று பலருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ஆகவே அரைப் பக்கத்துச் சாமானை இலக்கம் போட்டு, அடைப்புக்குறி போட்டு, இவ்வளவு நீளத்துக்கு இழுத்து உங்கள் தலையில் கட்டுகிறேன்.

கடைசிப் பந்தியில் உங்களைத் திடுக்கிட வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். குடியை விடுவதற்காக நான் ஒரு கூட்டத்துக்குப் போகிறேன். அங்கே எட்வேட் என்ற கடற்தொழிலாளி தன்னைப் பற்றிச் சொன்ன ஒன்றை, பெயரை மாற்றி, பத்திரிகையில் பகிடியாக எழுதினேன். எட்வேட் மூன்று கிழமையாகக் கூட்டத்துக்கு வரவில்லை. ஒன்றரை வருடம் ஒரு சொட்டும் தொடாத மனிதர். இப்போது தொடுகிறாரா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது. அவரைத் திரும்ப அந்தக் கதிரையில் இருத்துவதுதான் இந்தக் கதையின் வேலை. இலக்கியத்துக்குச் சேவை செய்யும் நோக்கம் இந்த முறை இல்லை. போன முறை செய்த சேவையே காணும்.

[எட்வேட் அவருடைய பெயர் இல்லை. அவருடைய ஊர் தாழ்வுபாடும் இல்லை. தாழ்வுபாட்டார் என்னோடு கோபிக்க வேண்டாம், உங்கள் ஊரை இரவல் வாங்கியிருக்கிறேன். அவருடைய படகு உண்மையில் படகுதானா என்பதையும் சொல்ல மாட்டேன். இந்த முறை ஒழுங்காக மாற்றியிருக்கிறேன்.]

2

தொடக்கம், முதலாவது முயற்சி: 'மன்னார்த் தீவின் மேல் வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு பின்னேரத்தில்…'

[காற்று வீசாத பின்னேரம் மன்னாரில் ஏது? இதை ஒரு செய்தி மாதிரி எழுதியிருக்கிறேன்.]

இரண்டாவது முயற்சி: 'மதுப் பழக்கம் எமது சமூகத்தை எதிர்நோக்கும் பாரிய சவால்களில் ஒன்றாகும் என்பதை அனைவரும்…'

[இருபத்திரண்டு வருடம் கந்தோரில் கிளாக்கராக இருந்து கடிதம் எழுதிய கை. மன்னித்துக்கொள்ளுங்கள்.]

மூன்றாவது முயற்சியாக, நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டர் என் ஈரல் பற்றிய கடதாசியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு துண்டில் எழுதித் தந்தார்: 'வியாழன், ஐந்து மணி, உப்புக்குளம்.' அதன் கீழே ஒரு ஹார்ட்வெயார் கடையின் பெயர். பெயின்ற், ஆணி, பூட்டு விற்கும் கடை. டொக்டர் பிழையாக எழுதிவிட்டார் என்று நினைத்தேன். பிழையாக எழுதியிருக்க வேண்டும் என்று விரும்பினேன் என்பதே சரி.

கடைக்கு முன்னால் ஒரு கழுதை நின்றது. [மன்னார்க் கதை என்றால் கழுதை வரவேண்டும் என்று வெளியூர் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். இந்தக் கழுதைக்குக் கதையில் வேலை இல்லை. ஆனால் உண்மையாகவே நின்றது.] நான் மோட்டார் சைக்கிளை இரண்டு கடை தள்ளி நிறுத்திவிட்டு, பெயின்ற் வாங்க வந்தவன் போல உள்ளே போனேன். முதலாளி சாஹுல் ஹமீட் நானா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன வேணும்?"

"ஒரு பெயின்ற் பிறஸ்."

"என்ன சைஸ்?"

"ஏதாவது ஒண்டு."

"பெயின்ற் அடிக்கிறவன் சைஸ் சொல்லுவான்," என்றார் நானா. "பின்னுக்குப் போங்கோ. கதிரை போட்டிருக்கு."

பின்னால் ஒரு களஞ்சிய அறை. அடுக்கி வைத்த பெயின்ற் ரின்களுக்கு நடுவில் ஏழெட்டுப் பிளாஸ்ரிக் கதிரைகள். சாஹுல் ஹமீட் நானா வாழ்நாளில் ஒரு துளி குடித்தவர் இல்லை. பிறகு ஒருநாள் கேட்டேன், ஏன் நானா எங்களுக்கு இடம் தாறீங்கள் என்று. "கோயில் மண்டபத்தில வைச்சால் பூசைக்கு வாற சனமெல்லாம் பார்க்கும். என்ர கடைக்குள்ள குடிகாரன் இருக்கிறான் எண்டு ஆர் நினைப்பினம்?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மஃரிப் தொழுகைக்கு முதல் முடிச்சுப்போட வேணும். அது மட்டும்தான் கொண்டிசன்," என்றார்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். போகும்போது சும்மா வெறுங்கையோடு வெளியே வந்தால் ஊர் பார்க்கும் என்பதால் எல்லோரும் ஆளுக்கு ஒரு சின்னச் சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள். என் வீட்டில் இப்போது இருபத்தாறு பிறஸ் இருக்கின்றன. ஒரு சுவருக்கும் பெயின்ற் அடிக்கவில்லை. என் மனைவி பிரான்சிஸ்கா அவற்றை ஒரு பழைய பால்மா ரின்னுக்குள் பூங்கொத்து மாதிரி குத்தி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்பு அதே அலுமாரிக்குப் பின்னால் என்ன வைத்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும்.

3

கூட்டத்தை நடத்துகிறவர் இரத்தினம் அண்ணை. தனியார் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். பதினொரு வருடமாகக் குடிக்காதவர். தன்னைப் பற்றி எழுத அவரே அனுமதி தந்தார். "நான் வெறியில ரிக்கற் குடுத்ததை வவுனியா மட்டும் சனம் பார்த்ததுதானே. நீர் புதுசா என்னத்தை எழுதிக் கிழிக்கப்போறீர்?" மற்றவர்கள் நான்கு பேர். அவர்கள் அனுமதி தரவில்லை. அதனால் அவர்கள் இந்தக் கதையில் கதிரைகளாக மட்டும் இருப்பார்கள்.

முதல் நாள் ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, பிறகு 'நான்' என்று சொல்லி, அதற்குப் பிறகு ஒரு சொல்லையும் சொல்லிவிட்டு இருந்தார்கள். என் முறை வந்தது.

"என்ர பேர் அம்புறோஸ். நான்…"

அந்தச் சொல் வாய்க்குள் கிடந்து புரண்டது. முழு வாக்கியங்களை விற்றுப் பெயர் எடுத்தவன் ஒரு இரண்டு சொல் வாக்கியத்தை முடிக்க ஏலாமல் நின்றேன்.

"நான் ஒரு எழுத்தாளன். கதைக்கு விஷயம் சேர்க்க வந்தனான்."

அறை முழுக்கச் சிரித்தது. பெயின்ற் ரின்களும் சிரித்த மாதிரி இருந்தது.

"நல்லது," என்றார் இரத்தினம் அண்ணை. "போன வருசம் ஒருத்தர் மச்சானுக்கு இடம் பார்க்க வந்தவர். அதுக்கு முதல் ஒருத்தர் மழைக்கு ஒதுங்க வந்தவர், மழையே இல்லாத ஆனி மாசத்தில. இருங்கோ." பிறகு என்னைப் பார்த்தபடியே எல்லோருக்கும் சொன்னார்: "இங்க கேட்டது இங்கயே கிடக்க வேணும். வெளியில கொண்டு போறதெண்டால் பிறஸ்ஸைக் கொண்டு போங்கோ."

நான் தலையாட்டினேன். [இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். தலையாட்டினேன்.]

அந்தக் கூட்டத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக வருகிறவருக்கு ஒரு பழைய ஆளைச் சேர்த்துவிடுவார்கள். நாக்கு ஊறும் நேரம் அவருக்குப் போன் எடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் எட்வேட்.

எட்வேட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. கதைக்கிறதுக்குக் காசு கட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி, அளந்துதான் கதைப்பார். நான் முதல் தடவை போன் எடுத்தபோது சாராயத் தவறணைக்குப் போகும் சந்தியில் நின்றிருந்தேன். பின்னேரம் நாலரை. புத்திமதி சொல்லப்போகிறார், அதை வைத்து இரண்டு பகிடி விடலாம் என்று ஆயத்தமாக நின்றேன்.

"கிளாக்கர், நான் இப்ப கணவாய் வெட்டுறன்," என்றார். "போனைப் பக்கத்தில வைக்கிறன். கேட்டுக்கொண்டு நில்லுங்கோ."

அவ்வளவுதான். பலகையில் கத்தி படும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். காகம். திரும்பவும் கத்தி. இருபது நிமிடம் ஒரு பெரிய மனிதன் சந்தியில் நின்று கணவாய் வெட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு அவர் போனை எடுத்து, "முடிஞ்சுது. உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்கும் முடிந்திருந்தது. வீட்டுக்குப் போனேன்.

இப்படி எட்டு மாதம். சில நாள் கணவாய், சில நாள் கிழிந்த வலை பொத்துகிற சத்தமில்லாத சத்தம். நடுவில் இரண்டு தரம் நான் சறுக்கினேன். இரண்டு தரமும் அவருக்குப் போன் எடுக்காத நாட்கள்.

4

இப்போது படகு.

[சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஏற்கெனவே ஊர் முழுக்க வாசித்துவிட்டது. இனி மறைத்தால் உங்களுக்குத்தான் கதை விளங்காது. எட்வேட்டின் சம்மதம் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.]

எட்வேட்டின் படகு, கரையில் நிற்கும்போது, கடற்பக்கம் நீலம், கரைப்பக்கம் பச்சை. கரையில் யாரும் கேட்டால், 'ரெண்டு பக்கத்தாலயும் என்ர படகை எனக்குத் தெரிய வேணும்' என்று சொல்லி வைத்திருந்தார். மனைவி மார்த்தாவுக்கு வேறு காரணம் சொல்லியிருந்தார்: இரண்டாவது நீல ரின் கடலில் விழுந்துவிட்டது, மிச்சத்துக்கு யாரிடமோ கிடந்த பச்சையை வாங்கி அடித்தேன். ஆறு வருடம் அவள் அதை நம்பியிருந்தாள். அந்த ரின் கடலில் விழவில்லை. திறக்காத ரின்னாகவே போய் இரண்டு போத்தல் சாராயமாக மாறியது. இதை எட்வேட் ஒரு வியாழக்கிழமை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, சொன்னார். "ஒவ்வொரு நாளும் கடலால வந்து இறங்கேக்க எனக்கு நீலப் பக்கம்தான் தெரியும். கரையில நிண்டு பார்க்கிறவைக்குத்தான் பச்சை தெரியும். அவள் கரையில நிக்கிறவள்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அனுதாபத்தால் என்று எழுத ஆசை. உண்மையில் அந்த நேரம் என் தலைக்குள் ஓடியது: அடடா, என்ன விவரம்! இது மட்டும் என் கையில் கிடைத்தால்…

கிடைத்ததுதானே.

5

எழுதினேன். ஆளின் பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். இரண்டு பிள்ளைகளை ஐந்தாக்கினேன். மீசை இல்லாத மனிதருக்கு மீசை வைத்தேன். கூட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன், எவ்வளவு பொறுப்பான எழுத்தாளன் என்று.

படகை மட்டும் மாற்றவில்லை.

இந்தக் கரையில் ஆளை முகத்தால் அறிகிறவன் குறைவு. விடியப்புறம் கடலில் வருகிறது யார் என்று படகைப் பார்த்துத்தான் சொல்வார்கள். பெயரை மாற்றிவிட்டுப் படகை அப்படியே விட்டது, ஒருவருடைய முகத்துக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டு நெற்றியில் விலாசம் எழுதின மாதிரி. தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் இரண்டு நிறப் படகு இல்லாவிட்டால் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை. பத்திரிகை ஆசிரியர் போன் எடுத்துப் பாராட்டியதும் அந்தப் படகைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்தது. பூசை முடிந்து வந்த மார்த்தாவின் தங்கை அதைக் குசினிக்குள் வைத்து உரத்து வாசித்திருக்கிறாள், சிரித்துச் சிரித்து, பாதி வரையும். பிறகு சிரிப்பு நின்றிருக்கிறது. மார்த்தா சத்தம் போடவில்லையாம். கைகழுவிவிட்டுக் கரைக்குப் போய், பச்சைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாளாம். இதைச் சொன்னவர் இரத்தினம் அண்ணை. சொல்லிவிட்டு என்னைத் திட்டவில்லை. "நாங்கள் குடிச்சுப்போட்டுச் செய்யிற வேலையை நீர் குடிக்காமலே செய்திருக்கிறீர், கெட்டிக்காரன்தான்," என்றார்.

அந்த வியாழன் எட்வேட் வரவில்லை. அடுத்த வியாழனும். நான் போன் எடுத்தால் அடித்து அடித்து ஓயும். இரண்டாவது கிழமை திரும்பவும் தவறணைச் சந்தியில் நின்றேன். கேட்பதற்குக் கணவாய் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சாஹுல் ஹமீட் நானாவின் கடைக்குப் போன் எடுத்தேன்.

"நானா, பிறஸ் இருக்கோ?"

நானா யாரையோ பொறுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தார்.

"எங்க நிக்கிறீங்கள்?"

"சந்தியில."

"உங்களட்டை இருக்கிற பிறஸ்ஸுக்கு முழு மன்னாருக்கும் பெயின்ற் அடிக்கலாம். வீட்ட போங்கோ, கிளாக்கர். நான் போனை வைக்கேல்ல. நடவுங்கோ."

நடந்தேன். போனுக்குள் கடைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ அரை றாத்தல் ஆணி கேட்டார்கள்.

6

மூன்றாவது ஞாயிறு பின்னேரம், ஒரு ரின் நீலப் பெயின்ற்றோடு தாழ்வுபாட்டுக்குப் போனேன். என் திட்டம் இதுதான்: பச்சைப் பக்கத்துக்கு நீலம் அடித்துவிட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடும். என் கற்பனையின் உயரம் அவ்வளவுதான்.

எட்வேட் படகின் நிழலில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கருவாடு காய்ந்தது. என் மூக்கு, எனக்கு முன்பே, அவருடைய மூச்சைத் தேடிப் போனது. கருவாட்டு மணத்துக்குள் ஒன்றும் பிடிபடவில்லை.

"குடிச்சனானோ எண்டு மணந்து பார்க்கிறீரோ?" என்றார், தலை நிமிராமல். எட்டு மாதம் 'நீங்கள்' என்று கதைத்த மனிதர்.

"இல்லை. பெயின்ற் கொண்டு வந்தனான்."

ரின்னைப் பார்த்தார். "இப்ப நீலம் அடிச்சால், பத்திரிகையில வந்ததால அடிச்சவன் எண்டு சனம் சொல்லும். அடிக்காட்டில், பத்திரிகையில வந்த படகு எண்டு சொல்லும். எனக்கு எந்தப் பக்கத்தாலயும் போக வழி வைக்கேல்ல நீர்."

"நான் பேர் மாத்தினனான்…"

"மீசையும் வைச்சனீர். கேள்விப்பட்டன்."

சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால். ஊசி வலைக்குள் போய் வந்தது.

"கிளாக்கர், ஒண்டு கேக்கிறன். எட்டு மாசமா வாறீர். ஒவ்வொரு வியாழனும் பகிடி விட்டீர். நாங்களும் சிரிச்சம். ஒரு நாளாவது உம்மட கதை ஒண்டு சொன்னனீரோ? 'என்ர பேர் அம்புறோஸ், நான் கந்தோரில வேலை' எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறீர். என்ர படகை ஊருக்கெல்லாம் காட்டினீர். உம்மட படகு எங்கை?"

எனக்கு மௌனம் பொறுக்காது. யாராவது அதற்குள் ஒன்றைப் போட வேண்டும். போட்டேன்.

"என்னட்டை ஏது படகு? ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான் இருக்கு."

இது பகிடி. ஆனால் சொன்ன சொல்லை அப்போதே திரும்ப விழுங்கப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள். எட்வேட் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கடலைப் பார்த்துப் பழகிய கண், மேலே ஒன்றும் தெரியாவிட்டாலும் கீழே ஓட்டம் மாறுவதைக் கண்டுபிடித்துவிடும்.

"அப்ப அதைச் சொல்லும்," என்றார். "உம்மட பேரோட. பிறகு நான் வாறதைப் பற்றிப் பார்ப்பம்."

நான் எழும்பினேன். ரின்னை என்ன செய்வதென்று தெரியாமல் மணலில் வைத்தேன். மார்த்தா வீட்டுப் பக்கமிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ரின்னை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது என்னட்டை இருக்கட்டும்," என்றாள் புருஷனிடம். "இந்த முறை கடலில விழாது."

7

'ஒரு ஊரில் ஒரு கிளாக்கர் இருந்தார். அவருக்கு ஒரு மகள்…'

[ஊர் இல்லை, பெயர் இல்லை. திரும்பவும் மீசை வைக்கிற வேலை.]

'இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு மார்கழியில் ஒரு தகப்பனுக்கு ஏற்பட்ட சிறு தவறுதலின் காரணமாக…'

['ஏற்பட்ட'. என்னவோ மழை பெய்த மாதிரி.]

'அந்த மோட்டார் சைக்கிளின் பின் ரயர்…'

[ரயரில் பிழை இல்லை. ரயரை விடு.]

சரி.

என் மகள் பெற்றிசியாவுக்கு சாதாரண தரப் பரீட்சை. கணக்குப் பாடம். எங்கள் வீடு தோட்டவெளியில், பரீட்சை மண்டபம் மன்னார் ரவுணில். என் மனைவி ஆஸ்பத்திரியில், தங்கையின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக நின்றாள். காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்தில் விடுவது மட்டும்தான் என் வேலை. முதல் நாள் பின்னேரம் குடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், காரணம் இருந்த நாளும் இல்லாத நாளும் ஒரே அளவுதான் குடித்தேன்.

காலையில் அவள் மூன்று தரம் எழுப்பினாள். மூன்று தரமும் 'அஞ்சு நிமிசம்' என்று சொன்னேனாம். பஸ் போய்விட்டது. அவள் நடந்தாள், பிறகு ஓடினாள். நடுவழியில் ஒரு மீன் வியாபாரி தன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார். மீன்பெட்டியில் உரசிய சீருடையோடு கணக்குப் பரீட்சை எழுதினாள். ஏன் பிந்தி வந்தாய் என்று எல்லோருக்கும் முன்னால் ரீச்சர் கேட்டபோது, 'அப்பாட மோட்டச்சைக்கிள் பஞ்சர்' என்றாள்.

நான் பதினொரு மணிக்கு எழும்பினேன். பன்னிரண்டரைக்கு அவளுடைய ரீச்சர் போன் எடுத்தார். "என்ன அம்புறோஸ், பரீட்சையண்டு பார்த்தோ பஞ்சராக வேணும்?"

அரைக் கணம்தான் எடுத்தேன். "ஓம் ரீச்சர். அதுக்கும் நாள் தெரியேல்ல," என்றேன்.

இதுவரை கேட்டதோடு நீங்கள் என்னை வெறுத்திருந்தால் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். போனை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனேன். பின் ரயரின் வால்வைத் திறந்து காற்றை முழுக்க விட்டேன். பிறகு அந்த மோட்டார் சைக்கிளை, மத்தியான வெயிலில், பெரிய றோட்டு நெடுகத் தள்ளிக்கொண்டு போனேன். சனம் பார்த்தது. பாவம், பிள்ளையின் பரீட்சையண்டு பார்த்து மனுசனுக்கு வந்த கரைச்சல் என்றது. எனக்கு வேர்த்தது. அந்த வேர்வையைப் பற்றி எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மகள் சொன்ன பொய்க்கு நான் சாட்சி தயாரிக்கிறேன். எழுத்தாளன் அல்லவா.

பாலசிங்கத்தின் சைக்கிள் கடையில் அவர் ரியூப்பைக் கழற்றி, காற்று அடித்து, தண்ணீர் பேசினுக்குள் அமத்திச் சுற்றினார். முழுக்கச் சுற்றினார். ஒரு குமிழியும் வரவில்லை.

"ஐயா, ஓட்டை இல்லையே."

"இருக்கும். வடிவாப் பாரும்."

இன்னொரு சுற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது.

"இல்லை ஐயா."

"அப்ப ஒரு ஒட்டுப் போட்டு விடும்."

பாலசிங்கம் ரியூப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னில் சாராயம் மணந்திருக்கும்.

"எங்க ஐயா போட?"

"எங்கயாவது போடும்."

போட்டார். அழகான வட்ட ஒட்டு. அவர் அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெற்றிசியாவும் கேட்டதில்லை. கணக்கில் ஏ எடுக்கக்கூடிய பிள்ளை, சும்மா ஒரு சாதாரண சித்தி எடுத்துத் தேறினாள். அந்தப் பஞ்சர் கதையை நான் கலியாண வீடுகளில் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். நன்றாகச் சிரிப்பார்கள். அவள் நிற்கும் இடத்திலும் சொல்லியிருக்கிறேன். அவள் எழும்பிக் குசினிக்குள் போவாள்.

என் பெயர் அம்புறோஸ். நான் குடிகாரன்.

[கந்தோரிலும் வேலை செய்கிறேன்.]

8

மேலே உள்ளது என் கதை என்று சொன்னேன். முழுக்க என்னுடையது இல்லையே. படகு விஷயத்தில் படித்த பாடம் என்று ஒன்று இருக்கிறது. எனவே பெற்றிசியாவுக்குப் போன் எடுத்தேன். வவுனியாவில் தாதியாக வேலை செய்கிறாள். ஏழாம் பகுதியைப் போனிலேயே வாசித்துக் காட்டினேன்.

"காத்துத் திறந்து விட்டது எனக்குத் தெரியாது," என்றாள் கடைசியில்.

"ம்."

"நான் வந்து பார்க்கேக்க ரயர் சரியாத்தானே நிண்டது. அப்பா கவலையில எங்கயோ போய் வந்திருக்கிறார் எண்டு நினைச்சனான். ஒட்டுப் போடவோ போனீங்கள்?"

"ஓம்."

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதலாம். நான் அழுதேன் என்றும் எழுதலாம். வவுனியாப் பக்கம் யாரோ வாளியை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"நான் உங்களுக்காகப் பொய் சொல்லேல்ல அப்பா," என்றாள். "எனக்கு வெக்கமா இருந்தது. அதுக்குத்தான் சொன்னனான். அதையும் எழுதுங்கோ."

"எழுதுறன். பேரை மாத்தவோ?"

"வேண்டாம். மாத்தினால் மீசை வைப்பீங்கள்."

[படகு விஷயம் அவளுக்கும் எட்டியிருக்கிறது. தீவிலிருந்து வவுனியா அவ்வளவு கிட்ட.]

9

முடிவுகள்.

அ. வியாழன் ஐந்து மணி. எட்வேட் வாசலில் நிற்கிறார். இருவரும் கட்டிப்பிடிக்கிறோம். சாஹுல் ஹமீட் நானா கண்ணைத் துடைக்கிறார். [நானா கண்ணைத் துடைக்கிற ஆள் இல்லை. பெயின்ற் தூசி என்று சொல்வார்.]

ஆ. எட்வேட் தவறணையில் இருக்கிறார். நான் போய் அவருக்கு முன்னால் இருந்து இந்தக் கதையை வாசிக்கிறேன். [இதை எழுதும்போது எனக்கு அந்தத் தவறணையின் மேசையும் கிளாசும் மிகத் தெளிவாகத் தெரிந்தன. அழித்துவிட்டேன். அழித்த இடத்தைத்தான் வாசிக்கிறீர்கள்.]

இ. படகு முழு நீலமாகக் கரையில் நிற்கிறது. அடித்தது மார்த்தா. [எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. அவள் ரின்னை வைத்து என்ன செய்வாள் என்பது அவளுடைய விஷயம்.]

எட்வேட்டின் முடிவை நான் எழுத மாட்டேன். ஒருதரம் அவருக்காக எழுதியது காணும். நான் எழுதக்கூடியது ஒரு நிபந்தனை மட்டும். நேற்று இந்தக் கடதாசிகளை ஒரு உறையில் போட்டு, மார்த்தாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மேலே எழுதினேன்: 'நீங்கள் ஓம் எண்டு சொன்னால் மட்டும்தான் இது அச்சுக்குப் போகும். உங்கட ஓம் வராட்டில் கிழிச்சுக் கருவாடு சுத்துங்கோ.' என்னிடம் வேறு பிரதி இல்லை.

[ஒரு பிரதி இருக்கிறது. எழுத்தாளன் பிரதி வைக்காமல் இருப்பானா? ஆனால் அவருடைய ஓம் இல்லாமல் அனுப்ப மாட்டேன். சத்தியம். தலையாட்டுகிறேன்.]

10

இன்று வியாழன். நாலே முக்கால். நான் களஞ்சிய அறையில் இருந்து, மிச்சத்தை ஒரு பெயின்ற் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். ஏழு கதிரைகள் போட்டிருக்கிறது. ஆறு பேர் வந்துவிட்டோம். இரத்தினம் அண்ணை மணிக்கூட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். இன்று என் முறை வரும்போது நான் பகிடி விடப்போவதில்லை என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

முன்னாலிருந்து நானாவின் குரல்.

"கிளாக்கர், எத்தினை தேத்தண்ணி?"

"ஏழு."

"போன மூண்டு கிழமையும் ஏழுதானே சொன்னீங்கள். ஏழாவதை ஆர் குடிச்சது?"

"நான்தான் நானா."

"இண்டைக்கும் நீங்களோ? ஊத்த முதல் சொல்லுங்கோ."

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்கிறது. மன்னாரில் மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தம் எந்த நேரமும் கேட்கும். இதற்கு மேல் நான் எழுதவில்லை.

அவர் ஓம் என்று சொல்லாமல் இது அச்சுக்குப் போகாது என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன். இப்போது இது உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே ஒன்றில் எட்வேட் ஓம் என்றிருக்க வேண்டும், அல்லது நான் திரும்பவும் அதே வேலையைச் செய்திருக்க வேண்டும். என்னை உங்களுக்கு இப்போது நன்றாகத் தெரியும். காற்றைத் திறந்து விட்டதும் தெரியும், அதை மகளுக்கு வாசித்துக் காட்டியதும் தெரியும்.

நானாவுக்கு நீங்களே பதிலைச் சொல்லுங்கோ. கேத்தில் கொதிக்குது.